பாசி அங்கிளும் கிள்ளான் கல்யாணமும்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருமுறையாவது வழுக்கி விழாதவர் யாராவது இருந்தால், அவர் பாசி அங்கிளைப் பார்க்கப் போகாதவர் என்று அடித்துச் சொல்வேன். தபால்காரர் விழுந்திருக்கிறார். மீட்டர் பார்க்க வந்தவர் விழுந்திருக்கிறார். ஓட்டுக் கேட்க வந்த ஒருவர் கும்பிட்ட கையோடு விழுந்து, கும்பிட்ட கையோடு எழுந்து போனார். விழுந்தவரைத் தூக்கிவிட அங்கிள்தான் முதல் ஆளாக ஓடி வருவார். அதைப் பார்த்து, என்ன மனுஷன் என்று யாரும் அவசரப்பட்டு உருகிவிடக் கூடாது.

"ஐயோ, பலமா அடிபட்டுருச்சா?"

"இல்ல அங்கிள், லேசா முட்டியிலதான்..."

"உங்களுக்கு இல்ல லா. பாசிக்கு."

வாரம் ஒருமுறை இந்தப் பக்கத்தில் எழுதுகிறவன் மற்ற நாளெல்லாம் என்ன செய்கிறான் என்று கேட்பவர்களுக்கு: நானும் என் மனைவி சுமதியும் கல்யாண அலங்காரக் கடை நடத்துகிறோம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய மூன்று மாடிக் கடைவீட்டின் கீழ்த்தளம் எங்களுடையது. மேல் மாடியும் அதற்கு மேலே இருந்த மொட்டை மாடியும் அங்கிளுடையவை. அவருடைய நிஜப் பெயர் மின்சாரப் பெட்டியில் எழுதியிருந்தது. அதைப் படிக்க முடியாதபடி அதன் மேலும் பாசி வளர்ந்திருந்தது. துடைத்துப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

அவர் ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வேலைதான் ஓய்வுபெற்றது, வாய் பெறவில்லை. "ரெண்டே நிமிஷம் தம்பி" என்று ஆரம்பித்தால் நம்முடைய தே தாரேக் டீ ஆறி, ஏடு கட்டி, ஈ விழுந்த பிறகுதான் விடுவார். முன்பு பாலிசி விற்ற அதே குரலில் இப்போது பாசியின் பெருமையை விற்றுக்கொண்டிருந்தார்.

"வேர் கேக்காது தம்பி. உரம் கேக்காது. தொட்டி கேக்காது. காய்ஞ்சு கருகிக் கெடந்தாலும் ஒரு மழை பேஞ்சா போதும், ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு உக்காந்துக்கும். இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆள் கெடைக்குமா?"

மொட்டை மாடியை ஒருமுறை பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது. உடைந்த கழுவுதொட்டி, பழைய ஓடுகள், கதவுப் பலகை, யாரோ தூக்கிப்போட்ட அம்மிக்கல் என்று எல்லாவற்றின் மேலும் பாசி. ஒன்று வெல்வெட் மாதிரி இருக்கும். ஒன்று குட்டிப் பனை மரங்களின் காடு மாதிரி நிற்கும். ஒன்று மஞ்சள் கலந்த பச்சை, இன்னொன்று கறுப்பைத் தொட்ட பச்சை. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிழல்வலை கட்டி, காலையும் மாலையும் கையில் தெளிப்பானோடு சுற்றி வருவார். ஏன் அங்கிள் பாசி என்று மூன்று சமயங்களில் கேட்டுப் பார்த்தேன். முதல் தடவை, கண் டாக்டர் பச்சையைப் பார்க்கச் சொன்னார் என்றார். இரண்டாம் தடவை, "இன்சூரன்ஸ் விக்கப் போன வீட்டுல எல்லாம் மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துவாங்க. சாத்துன கதவுக்குப் பக்கத்துல செவுத்துல இதுதான் இருக்கும். இதைப் பாத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்" என்றார். மூன்றாம் தடவை, "பின்ன என்ன, முதலையா வளக்கச் சொல்ற?" என்று எரிந்து விழுந்தார். அதோடு நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

பாசி மேல் அவருக்கு எவ்வளவு பாசமோ, அவ்வளவு கோபம் பாசியின் பெயரை வைத்துக்கொண்டு திரிகிற மற்றவற்றின் மேல். எங்கள் தெரு மசாலாக் கடை பாயிடம் அவர் போட்ட சண்டை பிரசித்தம். பாய் பிரியாணிக்கு விற்கிற கல்பாசிப் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கிள் கடைவாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாய், இது பாசியே இல்ல. இதுக்குள்ள ஒரு பூஞ்சையும் ஒரு ஆல்காவும் கூட்டுக் குடித்தனம் நடத்துது. வீடு ஒருத்தனோடது, சமையல் இன்னொருத்தனோடது. பாசிக்கு இங்க என்ன வேலை?"

"அங்கிள், பிரியாணியில போட்டா வாசனை வருதா இல்லையா?"

"வருது."

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"பேரு, பாய், பேரு!"

பாய் பெரிய மனது பண்ணி அவருக்கு ஒரு நாற்காலி கொடுத்தார். அது தப்பாகப் போயிற்று. உட்கார்ந்தவர் கடையில் இருந்ததையெல்லாம் ஒரு பிடி பிடித்தார். பாசிப்பயறா? பச்சையாக இருப்பதெல்லாம் பாசி என்றால் வாசலில் நிற்கிற பச்சை டாக்சியும் பாசிதானா? கடல்பாசியா? அது ஜெல்லி செய்கிற கடல் களை, நம்ம பாசிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பாசிமணியா? அது கண்ணாடி! எங்களுக்கு லோரி ஓட்டுகிற சேகர், உடம்புக்கு நல்லது என்று டிக்டாக்கில் பார்த்து வாங்கிய 'சீ மோஸ்' என்கிற கடல்பாசிப் புட்டியோடு அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் வந்துவிட்டான். பாவம், அன்றைக்கு அவன் லோரி எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது.

கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டாகத் துப்புரவு வேலை, வைத்தார்கள். பின்சந்தைக் கூட்டிக் கழுவுவது ஏற்பாடு. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து, முதலில் எங்கள் கட்டடத்துப் பின்சுவரில் இருக்கிற பாசியை அடித்துவிடலாம் என்று குழாயைத் தூக்கினார்கள். எங்கிருந்தோ அங்கிள் வந்து சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னை அடிச்சுட்டு அப்புறம் அதை அடிங்க!"

மெஷின் பிடித்திருந்தவர் புதியவர். உத்தரவு என்று நினைத்துவிட்டார். அங்கிள் சட்டையோடு குளித்து, கண்ணாடி ஒரு பக்கம், பல்செட் ஒரு பக்கமாகப் பறந்தும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. சுவர் தப்பித்தது. சுமதி துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை வாங்கி முதலில் சுவரில் தெறித்திருந்த சேற்றைத்தான் ஒற்றி எடுத்தார்.

இன்னொன்று மோர் விவகாரம். சுவரில் மோர் பூசினால் பாசி செழித்து வளரும் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டார். கோயில் ரதம் வருகிற நாளில் எங்கள் தெருமுனையில் பந்தல் போட்டு நீர்மோர் கொடுப்பார்கள். மிஞ்சியதை ஒரு வாளியில் வாங்கிவந்து அபிஷேகம் மாதிரி சுவருக்கு ஊற்றினார். நம்மவர்கள் மோர் என்றால் சும்மா மோரா? உப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம், கடுகு தாளித்த கறிவேப்பிலை. உப்பு பட்ட இடமெல்லாம் பாசி பழுத்துச் சுருண்டது. சுவரில் ஒட்டிய கறிவேப்பிலை மட்டும் பச்சையாக இருந்தது. மறு வருஷம் முன்கூட்டியே போய், எனக்கு உப்புப் போடாமல் ஒரு வாளி தனியாக எடுத்து வையுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டார். அவர்களும் எடுத்து வைத்தார்கள். கூட்ட நெரிசலில் உப்பில்லாத வாளி பக்தர்களுக்குப் போய், உப்புப் போட்ட வாளி அங்கிளுக்கு வந்தது. பக்தர்கள் சாமி காரியம் என்று பேசாமல் குடித்துவிட்டுப் போனார்கள். சுவர்தான் மறுபடியும் பழுத்தது.

"நம்ம ஆளுங்களுக்கு உப்பில்லாம ஒண்ணும் செய்யத் தெரியாது தம்பி" என்று ஒரு வாரம் துக்கம் காத்தார்.

இவ்வளவு பாசி வைத்திருந்தாலும் ஒரு கிள்ளு யாருக்கும் தர மாட்டார். எதிர்வீட்டு எலிசபெத் ஆன்டி கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒரு கைப்பிடி கேட்டு வந்தார். மாட்டுத் தொழுவத்தில் புல் மாதிரி பரப்பினால் அழகாக இருக்குமாம்.

"பிச்சா செத்துரும் ஆன்டி. நீங்க வேணா ஒண்ணு பண்ணுங்க. குடிலை மேல கொண்டு வந்துருங்க."

ஆன்டி சிரித்துக்கொண்டே கீழே இறங்கியவர், யோசித்துப் பார்த்துவிட்டு நிஜமாகவே குடிலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். அந்த வருஷம் சூசையப்பரும் மாதாவும் மூன்று ஞானிகளும் பாசி அங்கிளின் மொட்டை மாடியில்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள். கேரல் பாட வந்த கூட்டம் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு படியேறியது. ஒட்டகம் ஒன்று மட்டும் தொட்டிக்குள் விழுந்தது. மற்றபடி எல்லாம் நல்லபடியாக நடந்தது.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் கடை மட்டும் சிரிக்கவில்லை. சுமதி நல்ல ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்து ஆரம்பித்த கடை அது. பெரிய அலங்காரக்காரர்கள் பெரிய மண்டபங்களைப் பிடித்துக்கொள்ள, எங்களுக்குப் பிறந்தநாள் பலூனும் பூப்பு நீராட்டு விழாவும்தான் வந்துகொண்டிருந்தன. கட்டடத்துச் சொந்தக்காரர் ஒருநாள் கைத்தொலைபேசி உறை விற்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் உள்ளே இருக்கும்போதே அந்த ஆள் சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சுமதி சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளானிலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. பெரிய மண்டபம், பெரிய குடும்பம், மூத்த பெண். கீழே இன்னும் இரண்டு தங்கைகள், சொல்லி மாளாத சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். இது நன்றாக அமைந்தால் அந்த வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் நமக்கு. கெட்டால் கிள்ளான் முழுக்கப் பெயர் கெட்டு, டேப் பிடித்த ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். மேல் மாடிக்காரருக்கும் தெரியும்.

மணப்பெண் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மணவறைக்குப் பின்னால் முழுக்கப் பச்சைப்பசேல் என்று ஒரு சுவர், மேலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ சடைசடையாகத் தொங்கியது.

"மோஸ் வால். ஃபாரஸ்ட் தீம் அங்கிள்" என்றாள் என்னிடம். எனக்கு அந்த 'அங்கிள்' வலித்தது, அது வேறு விஷயம்.

அவள் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு வாழைமரம் போதும் தம்பி. இவ கேக்க மாட்டேங்கிறா. அந்தப் பச்சைச் செவுரு இல்லன்னா மணவறையில உக்கார மாட்டாளாம்."

பாசிக்கு இங்கிலீஷில் மோஸ். அந்தச் சொல் மாடி ஏறிப் போயிருக்க வேண்டும். அங்கிள் வந்து நின்றார்.

"ரெண்டே நிமிஷம் பாப்பா. இந்தத் தொங்குது பாரு, இதுக்குப் பேரு ஸ்பானிஷ் மோஸ். ஸ்பெயினும் இல்ல, மோஸும் இல்ல. அன்னாசிப்பழத்துக்குச் சொந்தக்காரன். இந்தப் பச்சை, ரெயின்டியர் மோஸ். இதுவும் பாசி இல்ல. பிரியாணியில போடுறோமே கல்பாசி, அதுக்குத் தம்பி முறை. காய வெச்சு, சாயம் போட்டு, பொணத்தை அலங்கரிக்கிற மாதிரி..."

கல்யாணம் பேச வந்த இடத்தில் பிணம் என்றதும் அம்மாவின் முகம் மாறியது. நான் அங்கிளின் முழங்கையைப் பிடித்தேன். ஆனால் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "மா, இவங்ககிட்டயே குடுத்துருவோம் மா. இந்த அங்கிளும் கல்யாணத்துக்கு வரணும்" என்றாள். வேலை எங்களுக்கு வந்தது.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கிடங்கிலிருந்து அந்தச் சாயம் போட்ட பாசியைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தோம். நானும் சுமதியும் இரவல் பசைத் துப்பாக்கி வைத்துக்கொண்டு விரல் வெந்துபோக அதைப் பலகைகளில் ஒட்டினோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை வேலை முடிந்தது. பலகைகளைக் கடையின் பின்பக்கம் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு, மேடையை அளந்து வர லோரியில் கிள்ளானுக்குக் கிளம்பினோம். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை அங்கிளிடம் கொடுத்தோம். அவரை விட நம்பிக்கையான ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

மத்தியானம் திரும்பி வந்தபோது கடை வாசலில் பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே அங்கிள் கையில் தெளிப்பானோடு நின்றார். அவர் வேட்டி பச்சை. கை பச்சை. பலகைகளிலிருந்து சாயம் கோடுகோடாக இறங்கி, பசை விட்டு, ஒட்டியதெல்லாம் ஊறிய அவல் மாதிரி கொத்துக்கொத்தாகத் தரையில் விழுந்து கிடந்தது.

"அங்கிள்... என்ன பண்ணீங்க?" என்றாள் சுமதி.

"தண்ணி காட்டுனேன் மா."

"பெட்டியில தண்ணி படக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சே அங்கிள்!"

"படிச்சேன். ஒரு மாதிரி ஆயிருச்சு. எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கு. வீட்டுக்கு வந்தவங்களுக்கு மொதல்ல ஒரு வாய் தண்ணி குடுக்கறதில்லையா நாம?"

"நீங்கதானே அங்கிள் அது பாசியே இல்லன்னு சொன்னீங்க!" என்று நான் கத்தினேன்.

"பாசி இல்லாட்டி என்ன தம்பி, தாகம் இருக்காதா?"

சேகர் லோரியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாதி லா பாஸ்" என்றான். செத்தோம் என்று அதற்கு அர்த்தம். அதைவிடச் சரியாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. கிடங்குக்குப் போன் போட்டேன். சரக்கு தீர்ந்துவிட்டது, அடுத்தது வர வாரக்கணக்கு ஆகும் என்றார்கள். நடுவில் மணப்பெண்ணின் அம்மா போன் செய்து, "எல்லாம் ரெடியா தம்பி?" என்று கேட்டார். நான் "ரெடி ஆன்டி" என்று சொல்லிவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுமதி அழவில்லை. துடைப்பத்தை எடுத்துப் பச்சைத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அங்கிள் தெளிப்பானை ஓரமாக வைத்துவிட்டுப் படியேறிப் போனார். பயந்து ஒளிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அதுவும் நல்லது என்று பட்டது.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சுரண்டுகிற சத்தம் கேட்டது.

ஏறிப் போய்ப் பார்த்தேன். நிழல்வலைக்குக் கீழே அங்கிள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் தோசைத் திருப்பி. கழுவுதொட்டியின் விளிம்பில் அதை மெல்ல நுழைத்து, தோசையை எடுப்பது போலவே, கிழியாமல் பாசியைத் தகடாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரச் சாக்கில் ஏற்கெனவே நிறைய அடுக்கியிருந்தது. அம்மிக்கல் வெறுங்கல்லாகக் கிடந்தது.

"அங்கிள், வேணாம்."

"நிக்காதே. அந்தப் பலகையை இப்படித் தள்ளு."

"பிச்சா செத்துரும்னு நீங்கதான் சொன்னீங்க."

"தெரியும் லா. தள்ளுன்னா தள்ளு."

சேகரும் நானும் சாக்குச் சாக்காகக் கீழே இறக்கினோம். அந்தப் படியில் அன்றைக்கு மட்டும் ஒருவரும் விழவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சுமதி பலகைகளை வீசிவிட்டு, சட்டங்களில் கம்பிவலை அடித்து, தேங்காய் நார் மெத்தையை விரித்தாள். பசை ஈரத்தில் பிடிக்காது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு மல்லிகைச் சரம் தொடுக்க வைத்திருந்த வாழைநாரை எடுத்து நனைத்து, பாசித் தகடுகளைப் பூக்கட்டுவது போலவே ஒவ்வொன்றாக வலையோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தாள். எலிசபெத் ஆன்டி வந்து உட்கார்ந்தார். மசாலாக் கடை பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து நார் கிழித்துக் கொடுத்தார். இருட்டுவதற்குள் மணவறையின் நடுப்பகுதிக்கு வேண்டிய சுவர் எழுந்து நின்றது. இரண்டு பக்கமும் போதவில்லை. அங்கே வாழைமரத்தையும் தென்னங்குருத்தையும் நிறுத்துவது என்று முடிவு செய்தோம்.

மறுநாள் விடிந்ததும் கிள்ளான் மண்டபம். பெண் வந்து பார்த்தாள். கிட்டே போய் விரலால் தொட்டாள். ஈரம். அதில் ஒரு சின்னப் பூச்சி ஊர்ந்தது.

"இது படத்துல இருந்தது இல்லையே?" என்றாள்.

நான் பக்கத்து வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இது உசுரோட இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் அம்மாவை இழுத்து வந்து காட்டினாள். அம்மா வாழைமரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லாருக்கும் திருப்தி.

ஆனால் மண்டபத்து ஏர்கானும் மேடை விளக்கும் சேர்ந்தால் பாசி ஒரு மணி நேரம் தாங்காது. அதனால் அங்கிள் வெள்ளை வேட்டி சட்டையோடு, சுவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில், தெளிப்பானோடு உட்கார்ந்துகொண்டார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம், சத்தம் வெளியே தெரியாமல் ஒரு 'ஸ்ஸ்' அடிப்பார். கெட்டிமேளம் கொட்டியபோது அவருக்கும் ஆவேசம் வந்துவிட்டது. வலைக்கு மேலாகப் பனி மாதிரி கிளம்பிய தண்ணீர், தாலி கட்டுகிற நேரம் பார்த்து மாப்பிள்ளை பெண் தலையில் பூவாக இறங்கியது. கூட்டம் கை தட்டியது.

மணப்பெண்ணின் அம்மா என் பக்கம் சாய்ந்தார். "இந்த மிஸ்ட் எஃபெக்ட் நம்ம பேக்கேஜ்ல இருக்கா தம்பி?"

"இருக்கு ஆன்டி. ஃப்ரீ."

ஒரு நத்தை மட்டும் கொஞ்சம் சோதித்தது. சுவரை விட்டு மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குக் குடிபெயர்ந்து, நிதானமாக நெற்றிப்பட்டத்தை நோக்கி நடந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே ஒரு செவ்வந்திப் பூவால் அதை எடுத்து ஓரமாக வைத்தார். சடங்கில் ஒன்று என்று மாப்பிள்ளை தலை குனிந்து கும்பிட்டுக்கொண்டார்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது செராஸிலிருந்து வந்திருந்த ஒருவர் மேடையில் நின்று படமெடுத்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம், "செம வேலை. ஒரிஜினல் மாதிரியே செஞ்சிருக்கான்" என்றார்.

"ஒரிஜினல்தான்!" என்றது சுவர்.

அந்த மனிதர் மேடையிலிருந்து இறங்கிய வேகத்தை நான் இன்னும் யாரிடமும் கண்டதில்லை.

கல்யாணம் முடிந்து சட்டங்களைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்பக்கம் முழுக்க விளக்குச் சூட்டில் பழுத்து, நாரை அவிழ்த்ததும் தூளாக உதிர்ந்தது. தப்பியது ஓரங்களில் கொஞ்சம்தான். அங்கிள் அதை மட்டும் ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லோரியில் ஏறினார். மற்றதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமதி அதுவரை அடக்கிவைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதாள்.

"எங்களுக்காக எல்லாத்தையும் அழிச்சுட்டீங்களே அங்கிள்."

"இதுக்குப் போய் அழுவாங்களா? நான்தானே கெடுத்தேன்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "பாசிக்கு என்ன மா. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் நெழல். அது பாட்டுக்கு வரும். உங்க கடை போனா வருமா?"

இவ்வளவு நல்லவராக இருப்பது அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அடுத்த நிமிஷமே சேகரிடம் திரும்பி, "நீ இன்னும் அந்தச் சீ மோஸ் குடிக்கிறியா?" என்று ஆரம்பித்துவிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் வரும் வரைக்கும் அவன் தப்பிக்கவில்லை.

அந்தத் தங்கைகள் இருவருக்கும் நாங்கள்தான் மணவறை போட்டோம். சித்தப்பா பெரியப்பா வீடுகளும் வந்தன. டேப் பிடித்த ஆள் வேறு தெருவில் கடை பார்த்துக்கொண்டார். உயிருள்ள பாசிச் சுவர் வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரையும் நானே திருப்பி அனுப்பினேன். மொட்டை மாடியில் பாசி மெல்ல மெல்லத் திரும்ப வந்தது. முழுக்க வந்து சேருவதற்குள் அங்கிளின் மகள், தனியாக இருக்க வேண்டாம் என்று அவரைச் செராஸுக்கு அழைத்துப் போய்விட்டார். உயரமான கொண்டோ அடுக்குமாடி, நாள் முழுக்க வெயில். அங்கே ஒன்றும் வளரவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் பால்கனியில் மோஸ் ரோஸ் வைத்திருக்கிறார் என்றும், அது நம்ம பத்துமணிப் பூதான், பாசியே இல்லை என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருப்பதாகவும் கேள்வி. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

தினமும் காலையில் அவரிடமிருந்து போன் வரும். ஊரை எல்லாம் இரண்டு நிமிஷம் என்று பிடித்து வைக்கிற மனுஷர், என்னிடம் மட்டும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"தம்பி, கடை தொறந்துட்டியா?"

"தொறந்துட்டேன் அங்கிள்."

"அப்ப சரி" என்று வைத்துவிடுவார். அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை என்னால் சொல்ல முடிகிற ஒவ்வொரு காலையும் அவர் எனக்குக் கொடுத்தது.